பழைய இராணுவ ஜீப் வாங்கியிருக்கிறீர்களா? பெயின்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்

சென்ற மாசி மாதம் ஒரு நாள் காலை, எங்கள் பட்டறைக்கு எதிரே இருக்கும் பஞ்சர் கடையில் ஒரு வில்லிஸ் ஜீப் வந்து நின்றது. இரண்டாம் உலகப்போர்க் காலத்து வண்டி. வாங்கி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. இடது முன்சக்கரத்தில் காற்று மெல்ல இறங்குகிறது என்று சொல்லிவிட்டு உரிமையாளர் டீ குடிக்கப் போய்விட்டார். கடையில் வேலை பார்க்கும் தம்பிக்குப் பத்தொன்பது வயது, நல்ல வேலைக்காரன். சக்கரத்தின் நடுவில் இருந்த ஐந்து நட்டுகளில் ஸ்பானரைப் போட்டு வழக்கம்போல இடப்பக்கம் திருகினான். அசையவில்லை. குழாயை மாட்டி அதன்மேல் ஏறி நின்றான். அப்போதும் அசையவில்லை. அந்த ஐந்தையும் சுற்றி வெளிவட்டத்தில் இன்னும் எட்டு நட்டுகள் இருந்தன. இவற்றைத்தான் முதலில் கழற்ற வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்து ஸ்பானரை அங்கே மாற்றினான்.

நான் சாலையைக் கடந்து ஓடி அவன் கையைப் பிடித்தபோது ஒரு நட்டு கழன்று தரையில் கிடந்தது. இரண்டாவது பாதி தளர்ந்திருந்தது. டயரில் இன்னும் காற்று இருந்தது.

நடந்தது என்ன என்று விளங்க அந்தச் சக்கரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். போர்க்கால ஜீப்பின் ரிம் ஒரே துண்டு அல்ல. இரண்டு பாதிகளைச் சேர்த்துப் போல்ட் போட்டு இறுக்கியது. போர்க்களத்தில் கடப்பாரை இல்லாமலே டயரைப் பிரிக்கவும், காற்று போனாலும் டயர் ரிம்மை விட்டுக் கழன்று விடாமல் இருக்கவும் செய்த ஏற்பாடு. அந்த இரண்டு பாதிகளையும் பிடித்து வைத்திருப்பவை இந்த எட்டு நட்டுகள்தாம். முப்பது பவுண்டு காற்று என்றால் சிறியதாகத் தோன்றும். ஆனால் அது ஒவ்வொரு சதுர அங்குலத்துக்கும் முப்பது பவுண்டு. டயரின் பக்கவாட்டுப் பரப்பு முழுவதற்கும் கணக்கிட்டால், ரிம்மின் பாதியை வெளியே தள்ளும் விசை ஒரு டன்னைத் தாண்டும். நட்டுகள் பாதி கழன்றதும் மீதிப் போல்ட்டுகள் அறுந்து, அந்த இரும்பு வட்டம் எதிரே குனிந்திருப்பவரின் முகத்துக்கு வரும்.

நடுவில் இருந்த ஐந்து நட்டுகள் அசையாததற்குக் காரணம் துரு அல்ல. இந்த ஜீப்களில் இடப்பக்கச் சக்கரங்களுக்கு எதிர் மரை. கழற்ற வேண்டுமானால் வலப்பக்கம் திருக வேண்டும். போல்ட்டின் முனையில் ‘எல்’ என்ற எழுத்து பொறித்திருக்கும். எண்பது ஆண்டுச் சேற்றுக்கும் பெயின்டுக்கும் அடியில் அது யார் கண்ணுக்குத் தெரியும்? தம்பி மேல் குற்றமே இல்லை. வண்டியை அவன் கையில் கொடுத்தவருக்கே இந்த விவரம் தெரியாது.

போடிநாயக்கனூரில் இருபத்தாறு ஆண்டுகளாக ஜீப் வேலை பார்க்கிறேன். ஏலக்காய்த் தோட்டங்களுக்கு மேலே ஏறுவதற்கு எங்கள் பகுதியில் ஜீப்பை விட்டால் வேறு வழி கிடையாது. இராணுவம் கழித்துவிட்ட வண்டிகள் எத்தனையோ இந்த மலையில் ஓடித் தேய்ந்திருக்கின்றன. போருக்குப் பின் இந்தியாவில் தங்கிவிட்ட வில்லிஸ் எம்.பி.யும் அதே ஜீப்பை ஃபோர்டு செய்த ஜி.பி.டபிள்யூ.வும், 1940களின் இறுதியிலிருந்து மகிந்திரா இங்கே உருவாக்கிய ஜீப்களும், 1969இலிருந்து 1999 வரை ஜபல்பூர் தொழிற்சாலையில் உற்பத்தியான ஜோங்கா என்ற இராணுவ வண்டியும், அண்மைக் காலமாக ஏலத்தில் வரும் ஜிப்ஸியும் என் கையில் வந்து போயிருக்கின்றன. முன்பெல்லாம் இவற்றை வாங்கியவர்கள் பிழைப்புக்காக வாங்கினார்கள். இப்போது ஆசைக்காக வாங்குகிறார்கள். ஆசையில் தவறில்லை, எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் வருகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் முதலில் கேட்பது பெயின்டைப் பற்றி. வண்டி எப்படி நிற்கும் என்று கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

இந்த ஜீப்களின் பிரேக் அமைப்பு எளிமையானது. எளிமையே அதன் ஆபத்தும்கூட. இன்றைய கார்களில் பிரேக் ஆயில் இரண்டு தனித்தனிப் பாதைகளில் போகிறது. ஒன்று பழுதானாலும் மற்றது வண்டியை நிறுத்தும். வில்லிஸில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே பாதை. எந்த மூலையில் ஒரு ரப்பர் வாஷர் கிழிந்தாலும் நான்கு சக்கரமும் ஒரே நொடியில் கைவிட்டுவிடும். மிதித்ததும் ஆயிலை எல்லாச் சக்கரத்துக்கும் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் இருக்கும் இடமோ ஓட்டுநரின் காலுக்குக் கீழே, தரைத் தகட்டுக்கு அடியில். பானெட்டைத் திறந்து பார்ப்பவர் கண்ணில் அது படாது. ஆற்றைக் கடந்தாலும் சேற்றில் இறங்கினாலும் முதலில் நனைவது அதுதான். வண்டி வாங்கிய நாளிலிருந்து ஒருமுறைகூட அதைத் திறந்து பார்க்காதவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

போடிமெட்டுச் சாலையில் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். ஓர் இளைஞர் தன் ஜீப்பை வெளியூரில் லட்சக்கணக்கில் செலவழித்துப் புதுப்பித்து, மேலிருந்து இறங்கி நேராக என்னிடம் வந்தார். பிரேக் இரண்டு முறை மிதித்தால்தான் பிடிக்கிறது என்றார். சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தேன். சக்கரத்தோடு சுழலும் பிரேக் டிரம்முக்கு வெளியே கண்ணாடி போல் பெயின்ட். உள்ளே, பிரேக்கை அழுத்தும் வீல் சிலிண்டரின் சுவர் முழுக்க அம்மைத் தழும்பு போல் துருக்குழிகள். ரப்பர் கப்பைக் கையில் எடுத்தேன். ஊறிய பட்டாணி போல் உப்பியிருந்தது. யாரோ பிரேக் ஆயில் குறைந்த இடத்தில் வேறு எண்ணெயை ஊற்றியிருக்கிறார்கள். கனிம எண்ணெய் பட்டால் அந்த ரப்பர் ஊதிப் பெருத்துவிடும். அவர் அந்த நிலையில் பதினேழு வளைவுகளையும் இறங்கி வந்திருக்கிறார். அதைக் காட்டியபோது அவர் ஒன்றும் பேசவில்லை, அருகிலிருந்த திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்.

அதனால் என் பட்டறையில் வரிசை மாறாது. பழைய வண்டி எது வந்தாலும் எஞ்சினைத் தொடுவதற்கு முன் பிரேக் முழுவதையும் பிரிப்போம். மாஸ்டர் சிலிண்டர், நான்கு வீல் சிலிண்டர், ரப்பர் குழாய்கள், இரும்புக் குழாய்கள் எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் பார்ப்போம். ரப்பர் குழாய் வெளியே நன்றாக இருந்தாலும் மாற்றிவிட வேண்டும். உள்சுவர் ஊதி அடைத்துக்கொண்டால், மிதிக்கும்போது ஆயில் போகும். காலை எடுத்தால் திரும்பாது. பிரேக் பிடித்தபடியே சக்கரம் சூடேறும்.

கை பிரேக்கைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வில்லிஸில் அது சக்கரத்தைப் பிடிப்பதில்லை. எஞ்சின் விசையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரிக்கும் ட்ரான்ஸ்பர் கேஸின் பின்புறம், அந்த விசையைப் பின்னால் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட் தொடங்கும் இடத்தில் ஒரு டிரம் இருக்கும்; அதைத்தான் பிடிக்கிறது. ஒரு பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிவிட்டால் இரு பின்சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரன்ஷியல் வழியாக அந்தச் சக்கரம் காற்றில் சுழலும், தரையில் இருக்கும் சக்கரம் உருளும். கை பிரேக் முழுவதும் இழுத்திருந்தாலும் வண்டி ஜாக்கியை விட்டுச் சரியும். பின் ஷாஃப்டைக் கழற்றிவிட்டால் கை பிரேக் என்ற ஒன்றே இல்லை. தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு இருபுறமும் கல் கொடுங்கள். ஸ்டாண்டு போட்டு முட்டுக் கொடுக்காமல் வண்டிக்கு அடியில் தலையை நுழைக்காதீர்கள்.

டிரம்மைத் திறந்ததும் உள்ளே கறுப்பும் சாம்பலுமாகத் தூசி இருக்கும். கம்ப்ரஸர் காற்றை அடித்து அதை ஊதிவிடுவது நம் பட்டறைகளில் பழக்கம். நானும் பதினைந்து ஆண்டுகள் அப்படித்தான் செய்தேன், பக்கத்தில் நின்ற பையன்களையும் சேர்த்துச் சுவாசிக்க வைத்தேன். அதை இப்போது நினைத்தாலும் மனம் கனக்கிறது. பழைய பிரேக் லைனிங்கிலும் கிளட்ச் தட்டிலும் கேஸ்கெட்டிலும் இருப்பது கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்). அதன் இழை நுரையீரலில் தங்கினால் நோய் இருபது, முப்பது ஆண்டுகள் கழித்துத்தான் தலைகாட்டும். அதற்குள் எந்த வண்டியால் வந்தது என்பதே மறந்து போயிருக்கும். இப்போது நாங்கள் சோப்புத் தண்ணீர் தெளித்து, தூசி நனைந்த பிறகு துணியால் துடைத்து, அந்தத் துணியை அப்படியே பையில் கட்டி அப்புறப்படுத்துகிறோம். நல்ல வடிகட்டி உள்ள முகமூடி வேண்டும், கைக்குட்டை போதாது. பழைய பெயின்டும் அப்படியே. அதில் ஈயம் கலந்திருக்கும். உலர்ந்த உப்புத்தாளால் தேய்க்காமல் தண்ணீர் தொட்டுத் தேய்ப்பதே நல்லது. வேலை முடிந்த உடுப்போடு வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்க வேண்டாம்.

அக்கால இராணுவக் கருவிகள் பலவற்றில் இருட்டில் ஒளிரும் எழுத்துகளை ரேடியம் கலந்த பூச்சால் எழுதினார்கள். இப்போது ஒளிரவில்லையே, வீரியம் போய்விட்டது என்று நினைப்பார்கள். போனது ஒளி தரும் பொருள்தான். ரேடியத்தின் அரை ஆயுள் 1,600 ஆண்டுகள். உங்கள் வண்டியின் மீட்டரில் மஞ்சளோ பழுப்போ ஏறிய பழைய பூச்சு தெரிந்தால், கண்ணாடியைக் கழற்றிச் சுரண்டாதீர்கள். மூடியபடி இருக்கட்டும்.

பெட்ரோல் பற்றிக் கேட்பவர்கள் இப்போது அதிகம். இன்றைய பெட்ரோலில் இருபது சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. இந்த எஞ்சின்களை வடிவமைத்தவர்கள் அதைக் கனவிலும் கண்டிருக்க மாட்டார்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் நிற்கும் வண்டியின் இரும்பு டேங்க் உள்ளிருந்தே துருப்பிடிக்கும். பழைய ரப்பர் குழாயும் பெட்ரோல் பம்ப்புக்குள் இருக்கும் டயாஃப்ரம் என்ற மெல்லிய சவ்வும் இளகிக் கிழியும். டயாஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் எஞ்சின் ஆயிலோடு கலக்கும். இதற்கு ஒரு எளிய சோதனை உண்டு. மாதம் ஒருமுறை டிப் ஸ்டிக்கை உருவி முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாசனை வந்தாலோ, நீங்கள் ஊற்றாமலே ஆயில் அளவு ஏறியிருந்தாலோ எஞ்சினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம். வில்லிஸில் டேங்க் இருப்பது ஓட்டுநர் இருக்கைக்கு நேர் கீழே என்பதையும் நினைவில் வையுங்கள். ஓட்டை விழுந்த டேங்க்கைத் தண்ணீரில் கழுவிவிட்டேன், இப்போது வெல்டிங் வைக்கலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். காலி டேங்க்கில் மடிப்புகளுக்குள் தங்கிய ஆவிதான் வெடிக்கும். புதிய டேங்க் கட்டிக்கொள்ளும் செலவு எந்த மருத்துவச் செலவையும்விடக் குறைவு.

இனிக் காகிதம். ஹரியானாவின் மண்டி டப்வாலி போன்ற ஊர்களில் இராணுவ ஏலத்தில் வந்த பாகங்களைச் சேர்த்து ஜீப் கட்டுவது பெரிய தொழில். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் எங்கோ மக்கிப்போன ஒரு வண்டியின் ஆர்.சி. புத்தகத்துக்குப் புது உடம்பு கொடுத்த வண்டிகளும் அவற்றில் உண்டு. விலை பேசும் முன் சேஸிஸ் எண்ணை, அதாவது வண்டிச் சட்டத்தின் எண்ணை, நீங்களே குனிந்து பாருங்கள். வில்லிஸ் எம்.பி.யில் அது இடது முன் சட்டத்தின் உட்புறம் ரிவெட் அடித்த தகட்டில் இருக்கும். ஃபோர்டில் சட்டத்தின் மேலேயே பொறித்திருக்கும். ஏலத்திலிருந்து நேரடியாக வரும் வண்டியைப் பதிவு செய்ய, உரிய இராணுவ அதிகாரி படிவம் 21இல் வழங்கிய அசல் விற்பனைச் சான்றிதழ் தேவை. நான்கு கை மாறி வந்த வண்டியில் இந்த ஒரு தாள் மட்டும் காணாமல் போயிருக்கும். நகல் இருக்கிறது, அசல் பிறகு வரும் என்ற பேச்சை நம்பி முன்பணம் கொடுத்தவர்கள் என் வாடிக்கையாளர்களிலேயே மூன்று பேர்.

டீசல் எஞ்சின் மாற்றி வைப்பது நம் ஊரில் சாதாரணமாகிவிட்டது. முன் அனுமதி வாங்கி ஆர்.சி.யில் எஞ்சின் எண்ணைத் திருத்தாமல் செய்தால் அது சட்டமீறல். விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் பார்ப்பது இதைத்தான். இன்னொரு இழப்பும் உண்டு. 2021இல் வந்த விதிகளின்படி ஐம்பது ஆண்டுகளைக் கடந்த வண்டியைப் பழம்பெரும் வாகனமாக, ‘வி.ஏ.’ எழுத்துள்ள எண்ணோடு பதிவு செய்யலாம். கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. அப்படிப் பதிந்த வண்டியை அன்றாட ஓட்டத்துக்கோ வணிகத்துக்கோ பயன்படுத்தவும் கூடாது. அசல் எஞ்சினைப் பழைய இரும்புக்கு எடை போட்டவர்கள் இப்போது அதைத் தேடி அலைகிறார்கள்.

நிறத்தில்தான் எல்லோருக்கும் வருத்தம். மத்திய மோட்டார் வாகன விதி 121, பாதுகாப்புத் துறை வண்டிகளைத் தவிர வேறு எதற்கும் ஆலிவ் பச்சை பூசக் கூடாது என்கிறது. அதுதானே அசல் நிறம் என்பார்கள். உண்மைதான். ஆனால் பணியில் இருக்கும் இராணுவ வண்டி என்று சோதனைச் சாவடியில் யாரும் ஏமாந்துவிடக் கூடாது என்பதற்காக வந்த விதி அது, அதை நான் முழு மனதோடு மதிக்கிறேன். மேல்நோக்கிய அம்பு பொறித்த எண் பலகை, படைப்பிரிவுச் சின்னங்கள் எல்லாவற்றையும் நீக்கிவிட்டுத்தான் வண்டியை வெளியே விடுவேன். மணல் நிறத்திலும் சாம்பல் நிறத்திலும் இந்த ஜீப்கள் அழகாகவே இருக்கின்றன.

அந்த மாசி மாத வண்டியை அன்றே பட்டறைக்குள் தள்ளி வந்தோம். வால்வு ஊசியைக் கழற்றிக் காற்று முழுவதையும் இறக்கினேன். வால்வு துருவில் அடைத்திருந்தால் வெளியே காற்று வராமலே உள்ளே இருக்கக்கூடும் என்பதால் மெல்லிய கம்பியை விட்டும் பார்த்தேன். பிறகு தம்பியைக் கூப்பிட்டு, ஐந்து நட்டுகளையும் வலப்பக்கம் திருகச் சொன்னேன். ஒரே இழுப்பில் வந்தன. ரிம்மைப் பிரித்தபோது எட்டில் மூன்று போல்ட்டுகள் துருவில் பாதி தின்னப்பட்டிருந்தன. உரிமையாளர் அவற்றைக் கையில் வைத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். புதுப் போல்ட்டுகள் வந்து சேர ஒன்பது நாள் ஆயிற்று. வண்டியை எடுக்க வந்த அன்று அவரே ஒரு சிறிய டப்பா சிவப்பு பெயின்ட் வாங்கி வந்திருந்தார். நான்கு சக்கரத்திலும் ஸ்டெப்னியிலும் அந்த எட்டு எட்டு நட்டுகளுக்குத் தம்பிதான் தூரிகையால் நிறம் வைத்தான். இடப்பக்கச் சக்கரங்களின் நடுவில் வெள்ளையில் ஒரு அம்புக்குறி, எந்தப் பக்கம் திருக வேண்டும் என்பதற்கு. ஸ்டெப்னியில் மட்டும் தமிழில் எழுதினான்: காற்றை இறக்காமல் சிவப்பைத் தொடாதே.