மஞ்சள் உப்பும் ஜன்னல் வெயிலும்

சிறு மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்துக்கொண்டு உருவாகும் பாலிமர்களை ஆராயும் ஆய்வகத்தில் பல வருடங்களாக மாணவர்களுக்கு வேலை சொல்லிக்கொடுத்து வருகிறேன். யுரேனியத்தின் மஞ்சள் உப்பான யுரேனைல் நைட்ரேட் பாட்டிலை அலமாரியிலிருந்து எடுத்து வைத்தால் போதும், முதலில் கதிரியக்கத்தைக் காட்டும் கைகர் கருவியைத் தேடுவார்கள். அது டிக் டிக் என்றதும் இரண்டடி பின்வாங்குவார்கள். பத்து நிமிடத்தில் பயம் தெளிந்துவிடும். அப்புறம் தராசில் சிந்திய மஞ்சள் தூளைக் கையுறைகூட இல்லாமல் காகிதத்தால் துடைப்பார்கள். எனக்குக் கவலை தருவது அந்தக் காகிதம்தான்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். மெத்தை நுரையாக வரும் பாலியூரித்தேனில் யுரேனியம் கிடையாது. அந்தப் பெயர் யூரியாவின் உறவு. யுரேனியத்துக்கோ 1789இல் கிளாப்ரோத் யுரேனஸ் கோளின் பெயரை வைத்தார். சிரிக்காதீர்கள், மெத்தை நுரையில் யுரேனியமா என்று வேதியியல் படித்தவர்களே கேட்டிருக்கிறார்கள்.

சரி, யுரேனியச் சேர்மம் பாலிமரை உண்டாக்குமா? உண்டாக்கும். நான் வழக்கமாகக் காட்டும் சோதனை இது. பாலிமர் சங்கிலியின் ஒற்றைக் கண்ணியாகும் மோனோமர்களில் ஒன்றான அக்ரிலமைடைத் தண்ணீரில் கரைத்து, சிட்டிகை யுரேனைல் நைட்ரேட்டும் கொஞ்சம் ஆல்கஹாலும் சேர்த்து, நைட்ரஜனை ஓட்டி ஆக்சிஜனை விரட்டிய பிறகு இரண்டு குழாய்களில் அடைத்து மூடுகிறோம். ஒன்று ஜன்னலோர வெயிலில் இருக்கும். இன்னொன்றை அலுமினியத் தாளில் சுற்றி இழுப்பறைக்குள் வைத்துவிடுவோம். பிறகு இரண்டையும் சாய்த்துப் பார்த்தால், இழுப்பறைக் குழாயில் காற்றுக்குமிழி சட்டென்று மேலே ஓடும். வெயில் குழாயில் பாலிமர் உண்டாகிக் கரைசல் கெட்டிப்பட்டிருப்பதால் அது நத்தைபோல ஊர்ந்து ஏறும்.

இரண்டு குழாயிலும் யுரேனியத்தின் அளவு ஒன்றுதான், கதிரியக்கமும் ஒன்றுதான். வித்தியாசம் வெளிச்சம் மட்டும். யுரேனைல் அயனி என்பது நடுவில் யுரேனியம், இருபக்கமும் ஒவ்வோர் ஆக்சிஜன் என நேர்கோட்டில் நிற்கும் ஒரு துண்டு. புற ஊதா ஒளியையோ நீல ஒளியையோ உறிஞ்சிக் கிளர்ந்த நிலைக்குப் போனால் எலக்ட்ரானுக்கு அலையும் ஆவேசமான ஆக்சிஜனேற்றி ஆகிவிடும். பக்கத்தில் ஆல்கஹால் இருந்தால் அதிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பறிக்கும். எலக்ட்ரான் ஜோடி முறிந்து மிஞ்சுவது ஒரு ஃப்ரீ ராடிக்கல், அதாவது ஜோடியில்லாத எலக்ட்ரானோடு எதையாவது பிடிக்கத் துடிக்கும் துண்டு. அது ஓர் அக்ரிலமைடைப் பிடிக்கும், அது அடுத்ததைப் பிடிக்கும், சங்கிலி நீண்டுகொண்டே போகும். யுரேனியத்தின் வேலை இந்தத் தீக்குச்சி கிழிப்பதோடு முடிந்தது. மோனோமர் சேர்க்காமல் ஆல்கஹாலோடு மட்டும் வெயிலில் வைத்தால் மஞ்சள் கரைசல் பச்சையாவதையே பார்க்கலாம். அது எலக்ட்ரான் வாங்கிக்கொண்ட நான்கு இணைதிற யுரேனியத்தின் நிறம்.

கதிர்வீச்சு இந்த வேலையைச் செய்யவே செய்யாதா? செய்யும், ஆனால் அவசரமே இல்லாமல். யுரேனியம்-238இன் அரை ஆயுள் சுமார் 447 கோடி வருடம். பாறைகளில் யுரேனியத் தாதுவைச் சுற்றி ஹைட்ரோகார்பன்கள் கதிர்வீச்சு பட்டுப் பட்டு இறுகிய கறுப்புப் பொருள் ஒன்று உண்டு. தூக்கோலைட் என்று பெயர். தோரியம், யுரேனியம், கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் ஆகியவற்றின் குறியீடுகளைக் கோத்து வைத்த பெயர் அது. நம் குழாய் அவ்வளவு காலம் காத்திருக்காது.

வெளிச்சமே தேவைப்படாத வழியும் ஒன்று உண்டு. 1970களில் இத்தாலிய ஆய்வாளர்கள் யுரேனியத்தோடு அல்லைல் என்ற கார்பன் தொகுதி சேர்ந்த சேர்மங்களை வினையூக்கியாக வைத்து பியூட்டாடையீன் வாயுவிலிருந்து ரப்பர் செய்தார்கள். சங்கிலியில் 98 சதவீதத்துக்கும் மேல் சிஸ் அமைப்பு, அதாவது இரட்டைப் பிணைப்பின் ஒரே பக்கமாகச் சங்கிலி தொடரும் அமைப்பு. டயருக்கு ஆசைப்படத்தக்க தரம்தான். ஆனால் வினையூக்கியின் மிச்சம் ரப்பருக்குள்ளேயே தங்கிவிடும். கதிரியக்க மிச்சம் உள்ள டயரை யார் வாங்குவார்கள்? தொழிற்சாலைகள் நியோடிமியம் என்ற உலோகத்தின் வினையூக்கிகள் பக்கம் போய்விட்டன. என்னைக் கேட்டால் சரியான முடிவு.

இனி அந்தத் துடைத்த காகிதத்துக்கு வருவோம். இந்த உப்பின் ஆல்பா கதிர்களை பாட்டில் கண்ணாடியே நிறுத்திவிடும். கருவி டிக் டிக் என்பது பெரும்பாலும் யுரேனியம் சிதைந்து உருவாகும் சேய் தனிமங்களின் பீட்டா கதிர்களால். உடலுக்குள் போனால்தான் சிக்கல். அங்கேயும் முதல் அடி சிறுநீரகத்துக்கு, அதுவும் ஈயம் போன்ற கன உலோக நஞ்சாக. குடிநீரில் லிட்டருக்கு 30 மைக்ரோகிராம் என்று உலக சுகாதார நிறுவனம் வரம்பு சொல்வதும் இந்த வேதி நச்சுத்தன்மையை வைத்துத்தான். ஆகவே தூளைக் காற்றை உறிஞ்சி வெளியேற்றும் ஆய்வகப் புகைக்கூண்டுக்குள் (fume hood) எடை போடுங்கள், ஈரத்துணியால் துடையுங்கள், கையுறையைக் கழற்றிய பிறகு கை கழுவுங்கள். அக்ரிலமைடும் நரம்பு நஞ்சு என்பதால் கையுறைக்கு இரட்டை நியாயம்.

ஈதர் என்ற கரைப்பானையும் யுரேனைல் நைட்ரேட்டையும் சேர்த்து வெயிலில் மட்டும் வைக்காதீர்கள். வெடித்த வரலாறு உண்டு. காரணம் மேலே சொன்ன அதே ஒளி வேதியியல்தான்.

ஒருமுறை சோதனை முடிந்து மிஞ்சிய கரைசல்களை எல்லாம் ஒரு மாணவர் ஒரே கழிவு பாட்டிலில் ஊற்றி, மூடி இறுக்கி, ஜன்னல் திட்டில் வைத்துவிட்டுப் போனார். நிறம் இல்லாத சாதாரணக் கண்ணாடி பாட்டில். வெள்ளிக்கிழமை மாலை. திங்கட்கிழமை வந்து பார்த்தால் உள்ளே மஞ்சள் நிற ஜெல் கட்டி, கண்ணாடியில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல். தண்ணீர் ஊற்றினால் ஊதியதே தவிரக் கரையவில்லை. யுரேனியத்தை அதிலிருந்து பிரித்தெடுக்க வழியும் தெரியவில்லை. ஒரு கிராம்கூட வராத உப்புக்காக, விரிசல் விட்ட பாட்டிலோடு முழுக் கட்டியையும் கதிரியக்கக் கழிவு என்று சீட்டு ஒட்டித் தனியாக அனுப்பினோம். இப்போது எங்கள் கழிவு பாட்டில்கள் எல்லாம் பழுப்புக் கண்ணாடி. மோனோமருக்கு ஒன்று, யுரேனைலுக்கு ஒன்று. ஜன்னல் திட்டு காலியாக இருக்கிறது.