தமிழ் உடையுது எண்டு ஏசினா மட்டும் பக் திருந்தாது

மட்டக்களப்புல ஒபிஸ்களுக்கும் டைப்பிங் கடைகளுக்கும் லிப்ரே ஒபிஸ் எண்ட இலவச ஒபிஸ் சொப்ட்வெயாரைப் போட்டுக் குடுக்கிறது என்ட தொழில், நேரம் கிடைக்கிறப்ப ஓபன் சோர்ஸ் (கோட் எல்லாருக்கும் திறந்து கிடக்கிற) சொப்ட்வெயார்களுக்கு வாற பக் ரிப்போட்டுகளையும், அதாவது சொப்ட்வெயார்ல இருக்கிற பிழையை ஆக்கள் எழுதி அனுப்புறதையும், சோதிச்சுக் குடுக்கிறன். ரெண்டு பக்கமும் நிக்கிறதால சொல்றன், எங்கட ஆக்கள் தமிழ் அடிக்கிறப்ப படுற கரைச்சல்ல முக்கால்வாசி அந்த டெவலப்பர்மாருக்குத் தெரியவே தெரியாது.

ஏனெண்டா எங்கட ஆக்கள் ஒண்டு, "சும்மா குடுக்கிற சாமான் இப்பிடித்தான்" எண்டு விட்டுட்டு களவுக் கொப்பிக்குப் போயிருவாங்க. இல்லாட்டி கோவத்துல "தமிழ் வேலை செய்யுதில்ல, உடனே திருத்துங்க" எண்டு ஒரு வரி எழுதுவாங்க. அதை வாசிக்கிறவர் எங்கயோ ஒரு நாட்டுல வேலை முடிஞ்சு வந்து சம்பளமில்லாம இதைப் பாக்கிற ஆளா இருக்கலாம், அவருக்கு தமிழ் ஒரு எழுத்தும் தெரியாது, எது உடைஞ்சிருக்கு எது சரி எண்டே விளங்காது. அவர் எந்த வெர்ஷன், எந்த ஃபொன்ட், விண்டோஸா லினக்ஸா எண்டு கேப்பார், நாங்க பதில் போட மாட்டம், மாசக்கணக்கா பாத்துட்டு தகவல் போதாது எண்டு மூடுவாங்க. பிறகு "எங்களைக் கணக்கெடுக்கல்ல" எண்டு குறை.

இன்னொரு பெரிய சிக்கல் பாமினி எண்ட பழைய தமிழ் ஃபொன்ட். பாமினியில டைப் பண்ணினது கொம்பியூட்டருக்கு இங்கிலீஷ் எழுத்துத்தான், மேல தமிழ் உருவம் போட்டிருக்கு, அவ்வளவுதான். களுவாஞ்சிக்குடியில அடிச்ச கடிதத்தை அக்கரைப்பற்றுல அந்த ஃபொன்ட் இல்லாத மெஷின்ல திறந்தா இங்கிலீஷ் எழுத்தாக் கிடக்கும். அது பக் இல்ல. இதை பக் எண்டு போட்டா டெவலப்பர் மூடத்தான் செய்வார், அதுல அவர்ட பிழை ஒண்டுமில்ல.

ஆனா தமிழ் எழுத்துக்கெண்டே தனி நம்பர் இருக்கிற யூனிகோட் முறையில அடிச்சும் கொம்பு, கால் எல்லாம் இடம் மாறி நிண்டா அது சொல்ல வேண்டிய விசயம். எழுத்தை அடுக்கிற வேலையை ஹார்ஃப்பஸ் எண்ட ஒரு லைப்ரரிதான் (பல சொப்ட்வெயார் பொதுவாப் பாவிக்கிற கோட்) செய்யுது, லிப்ரே ஒபிஸ், ஃபயர்ஃபொக்ஸ், குரோம், ஆண்ட்ரொய்ட் எல்லாத்துலயும் அதுதான். அதனால "இது எங்கட பக் இல்ல" எண்டு பதில் வந்தா தட்டிக் கழிக்கிறாங்க எண்டு நினைக்க வேணாம், பிழை ஃபொன்ட்லயோ ஹார்ஃப்பஸ்லயோ இருக்கலாம், எங்க போடோணும் எண்டு கேளுங்க. ஹார்ஃப்பஸ்ல ஒருக்கா திருத்தினா இவ்வளவு சொப்ட்வெயார்லயும் தமிழ் சரியாகும், இதை நினைச்சா எனக்கு இப்பயும் சந்தோசம்.

குறை சொல்ற விதம் எவ்வளவு பாரமானது எண்டதுக்கு எக்ஸ்இசட் கதையைப் பாக்கோணும். ஃபைல்களைச் சுருக்கிற சின்ன டூல், அநேகமான லினக்ஸ் மெஷின்கள்ல இருக்கும், லாஸ்ஸே கொலின் எண்டவர் தன்ட நேரத்துல பாத்துக்கொண்டு வந்தவர். 2022ல சில ஐடிகள் வந்து ஏன் இவ்வளவு மெதுவு, வேற ஆளிட்டக் குடுங்க எண்டு திரும்பத் திரும்ப நெருக்கிச்சு, அவர் தனக்கு மனநலப் பிரச்சினை இருக்கு, இது சம்பளமில்லாத வேலை எண்டு எழுதியும் விடல்ல. கடைசியில ஜியா டான் எண்ட பேர்ல உதவிக்கு நிண்ட ஆளிட்ட பொறுப்பு போச்சு, 2024ல 5.6.0, 5.6.1 வெர்ஷன்கள்ல களவா உள்ள வர விடுற பின்கதவு ஒண்டு புகுந்திச்சு. அந்த ஐடிகளும் போலி எண்டுதான் பலர் சந்தேகப்படுறாங்க. அதைப் பிடிச்சதும் ஒரு பக் ரிப்போட்தான்! ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்ட் எண்ட இஞ்சினியர், லொகின் அரை செக்கன் அளவு பிந்துது எண்டு கவனிச்சு, விடாம அளந்து பாத்து, மார்ச் 29 எல்லாத்தையும் விபரமா எழுதிப் போட்டார்.

டெவலப்பர்மார் பக்கமும் பிழை இருக்கு. டைப்பிங் கடையில இருக்கிற ஒரு அக்காட்ட "நீங்களே கோட் எழுதி அனுப்புங்க" எண்டு பதில் போடுறது சரியான மோசம், அவ பிறகு ஒருநாளும் எழுத மாட்டா. பாத்தம், இப்ப ஆளில்ல எண்டு ஒரு வரி போட்டாலே ஆக்கள் விளங்கிக்கொள்ளுவாங்க.

பக் ரிப்போட் எழுதுறண்டா முதல்ல லிப்ரே ஒபிஸ்ட உதவி மெனுவுல இருக்கிற வெர்ஷன் விபரத்தை அப்பிடியே கொப்பி பண்ணுங்க. அதே மெனுவுலயே சேஃப் மோட் (உங்கட செட்டிங்ஸ் இல்லாமத் திறக்கிற முறை) இருக்கு, அதுலயும் பக் வருதா பாருங்க, வரல்லெண்டா உங்கட செட்டிங்ஸ்லதான் ஏதோ. பிரச்சினை வாற ஃபைலை இணைக்கிறப்ப கவனம், ரிப்போட் போடுற இடம் எல்லாருக்கும் திறந்து கிடக்கும், காணி உறுதியோ அடையாள அட்டை நம்பர் உள்ள லிஸ்டோ போகக் கூடாது, ரெண்டு சொல்லு அடிச்ச புது ஃபைல் ஒண்டு போதும். பாதுகாப்பு ஓட்டையெண்டா வெளியில போடாம தனியா அனுப்போணும்.

இங்கிலீஷ் வராது எண்டு தயங்க வேணாம். என்ன செய்தன், என்ன வந்திச்சு, என்ன வந்திருக்கோணும், இந்த மூண்டையும் உடைஞ்ச இங்கிலீஷ்ல எழுதி, சரியான எழுத்து எப்பிடி இருக்கோணும் எண்டு ஒரு படமும் பக்கத்துல வைச்சா தமிழ் தெரியாத ஆளுக்கும் விளங்கும்.