‘ஃபோர்மட்’ என்று சொல்வதற்கு முன்

இலங்கை மலையகத்து ஹட்டனில் கணினி திருத்தும் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் எனக்கு, ஒருவர் பழுதான கணினியைத் தூக்கிக்கொண்டு படியேறும்போதே அவர் சொல்லப்போவது என்னவென்று பெரும்பாலும் தெரிந்துவிடும். “அண்ணே, ஓன் ஆகுதில்ல. ஒருக்கா ஃபோர்மட் பண்ணித் தாங்க.” ஃபோர்மட் என்பது பழுதுபார்ப்பதற்கு இன்னொரு பெயர் என்றே பலர் நினைத்திருக்கிறார்கள். அது உள்ளே இருப்பதை வெறுமையாக்கும் வேலை என்பதும், இயங்க மறுக்கும் கணினிகள் பலவற்றுக்கு அது தேவையே இல்லை என்பதும் கோப்புகள் கைவிட்டுப் போன பிறகுதான் அவர்களுக்குத் தெரியவருகிறது.

டிக்கோயாப் பக்கத்துப் பாடசாலை ஒன்றின் ஆசிரியை ஒருவர், பல ஆண்டுகளாகத் தயாரித்துச் சேர்த்த தவணைப் பரீட்சை வினாத்தாள்களையும், காலமான தம் தந்தையாரின் படங்களையும் வைத்திருந்த கணினியை என்னிடம் கொண்டுவந்தபோது அது நன்றாகவே இயங்கிக்கொண்டிருந்தது. வேறோர் இடத்தில் ஏற்கெனவே ஃபோர்மட் செய்து, புதிய வின்டோஸ் நிறுவி, சுத்தமாகத் துடைத்தும் கொடுத்திருந்தார்கள். ஃபோர்மட் செய்யும்போது சாதாரணமாக அழிவது கோப்புகளின் இடக்குறிப்பு மட்டுமே. ஆனால் அதன்மேல் நிறுவப்படும் வின்டோஸ் 20 ஜி.பி. அளவுக்கு எழுதித் தள்ளுவதால், அந்த இடத்தில் இருந்தவை திரும்ப வருவதில்லை. வினாத்தாள்களில் பாதியை என்னால் மீட்க முடிந்தது. படங்களில் மீண்டவற்றுள் பல, மேற்பாதியில் முகமும் கீழ்ப்பாதியில் சாம்பல் நிறமுமாகத் திறந்தன. முதலில் அந்தக் கணினிக்கு என்ன வந்தது என்று விசாரித்தேன். “கறுப்புத் திரை மட்டும் வந்திச்சு, தம்பி” என்றார். அது ரேம் என்னும் தற்காலிக நினைவகப் பட்டையைக் கழற்றித் துடைத்தாலே தீர்ந்திருக்கக்கூடிய கோளாறாக இருந்திருக்கலாம்.

ஆகவே, இயங்காத கணினிக்கு முன்னால் உட்காரும்போது முதலில் பிரித்தறிய வேண்டியது, அது மின்சாரத்தையே வாங்கவில்லையா, மின்சாரம் வாங்கியும் திரையில் எதுவும் தோன்றவில்லையா, திரையில் ஏதோ தோன்றியும் வின்டோஸுக்குள் போகவில்லையா என்பதைத்தான். முதல் இரண்டும் பார்ப்பதற்கு மிகவும் பயமூட்டும். ஆனால் அவற்றில் கோப்புகள் பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கும். கோப்புகளைச் சேமித்து வைக்கும் ஹாட் டிஸ்க் என்னும் வன்தட்டு தன் பாட்டில் நலமாக இருக்க, அதைச் சுற்றியுள்ள வேறொன்றுதான் கெட்டிருக்கும்.

மின்சாரமே வாங்காத கணினிகள் எங்கள் பகுதியில் மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் வரிசையாக வரும். பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட அந்தக் காலத்தில் பிற்பகல் இடிமின்னல் மலையில் கடுமையாக இருக்கும். இடிமின்னல் தொடங்குமுன் சுவிச்சை மட்டும் நிறுத்திவிட்டு வயரை அப்படியே விட்டுவிடுவது போதாது; பிளக்கைச் சுவரிலிருந்து கழற்ற வேண்டும். தொலைபேசிக் கம்பி வழியாக இணையம் எடுப்பவர்கள் அந்தக் கம்பியையும் ரவுட்டரிலிருந்து கழற்ற வேண்டும். மின்கம்பி வழியாக வராத மின்னதிர்ச்சி அந்தக் கம்பி வழியாக வந்து, ரவுட்டரையும் அதனோடு இணைந்த கணினியையும் சேர்த்துச் சுட்டதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். இயங்காமற்போனது மேசைக் கணினியாயின் பின்பக்கத்துச் சிறு சுவிச்சையும், சுவர் மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் மின்வழங்கியையும் பார்க்க வேண்டும். பழைய மின்வழங்கிகள் சிலவற்றில் 115, 230 என்று இரு நிலைகளுள்ள சிவப்புச் சுவிச்சு ஒன்று இருக்கும். நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட். சின்னப் பிள்ளை ஒன்று விளையாட்டாக அதை 115 பக்கம் தள்ளிவிட்டால், அடுத்த முறை சுவிச்சைப் போடும்போது வெடிச்சத்தம் கேட்கும். மடிக்கணினியாயின் சார்ஜரைக் கழற்றி, பற்றரி கழற்றக்கூடியதாக இருந்தால் அதையும் எடுத்துவிட்டு, இயக்கும் பொத்தானை 30 செக்கன் அழுத்திப் பிடித்து, பிறகு சார்ஜரை மட்டும் இணைத்துப் பார்ப்பது செலவில்லாத வைத்தியம். ஒரு நாளில் எத்தனை பேர் இதனாலேயே கட்டணமின்றி வீடு திரும்புகிறார்கள் என்பதைச் சொன்னால் என் பிழைப்புக்குக் கேடு.

விசிறி சுழன்றும் திரை கறுப்பாகவே இருந்தால், முதலில் திரைக்குச் செல்லும் வயரையும் பிறகு ரேமையும் சந்தேகிக்க வேண்டும். மூடுபனி இறங்கும் ஊர்களில், அதிலும் விறகடுப்பு எரியும் லயம் என்னும் தோட்டத்து வரிசை வீடுகளில், புகைக்கரியும் ஈரமும் சேர்ந்து கணினியின் முதன்மைச் சுற்றுப்பலகையான தாய்ப்பலகையின் மேல் எண்ணெய்ப் பிசுக்குப் போலப் படிந்துவிடுகின்றன. ரேமின் அடிப்பகுதியிலுள்ள பொன்னிறத் தொடுகோடுகள் அந்தப் பிசுக்கினால் தொடர்பை இழக்கின்றன. மின்சாரத்தை முழுமையாகத் துண்டித்த பின் ரேமைக் கழற்றி, அந்தக் கோடுகளைப் பென்சில் அழிக்கும் றப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகள்களை ஊதித் தள்ளிவிட்டு, ‘டக்’ என்று இரு பக்கமும் பூட்டும்வரை அழுத்திப் பொருத்த வேண்டும்.

திகதியும் நேரமும் பல ஆண்டுகள் பின்னோக்கிப் போயிருந்தால், தாய்ப்பலகையிலுள்ள நாணயம் போன்ற 3 வோல்ட் பற்றரி தீர்ந்திருக்கிறது என்று பொருள். அது தீரும்போது கணினி தன் அடிப்படை அமைப்புகளை மறந்து, வன்தட்டோடு பேசும் முறையையே மாற்றிக்கொள்வதும், அதனால் வின்டோஸ் நீலத்திரையோடு நின்றுவிடுவதும் உண்டு. பற்றரியை மாற்றி, அந்த அமைப்பை முன்பிருந்தபடி ஆக்கினால் போதும். வன்தட்டைத் தொட வேண்டியதேயில்லை.

மூன்றாம் வகைதான் கவனம் வேண்டியது. உற்பத்தியாளரின் சின்னம் தோன்றுகிறது, அதற்கப்பால் போகவில்லை; அல்லது இயங்குதளத்தைக் காணவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வருகிறது. இந்த இடத்தில் விசைப்பலகையைத் தொடுவதற்கு முன் காதைக் கொடுங்கள். சுழலும் வன்தட்டிலிருந்து ஒரே சீராக ‘டிக்… டிக்… டிக்’ என்று சத்தம் வந்தாலோ, சுழலத் தொடங்கி நின்று மறுபடி தொடங்கினாலோ, உடனே நிறுத்திவிட வேண்டும். தட்டின் மேற்பரப்பை ஒட்டி, தலைமயிரின் தடிப்பைவிடப் பல மடங்கு குறைந்த இடைவெளியில் மிதக்க வேண்டிய வாசிப்புத் தலை தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் தடுமாறும் சத்தம் அது. தலை சேதமடைந்து தட்டில் உராயத் தொடங்கியிருந்தால், ஓடவிடும் ஒவ்வொரு நிமிடமும் கோப்புகளைச் சுரண்டி எடுக்கும்.

தொழிலுக்கு வந்த புதிதில், கல்யாணப் படம் எடுப்பவர் ஒருவரின் வன்தட்டு இப்படிச் சத்தமிட்டபோது, வின்டோஸிலேயே உள்ள தட்டுச் சரிபார்க்கும் கட்டளையை ஓடவிட்டுவிட்டு நான் தேநீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது சத்தமும் நின்றிருந்தது, தட்டும் நின்றிருந்தது. அந்தக் கட்டளை கோப்புக் கட்டமைப்பை ஒழுங்குபடுத்துவதற்கே எழுதப்பட்டது. உங்கள் படங்களைக் காப்பாற்றுவது அதன் வேலையல்ல. நலமான தட்டில் அது உதவும். சாகக்கிடக்கும் தட்டில், தட்டு முழுவதையும் மீண்டும் மீண்டும் வாசிக்கவைத்து அதன் கதையை முடிக்கும். அவரிடம் நான் சொன்ன மன்னிப்பு இன்றும் எனக்குப் போதுமானதாகத் தெரியவில்லை.

சத்தமிடும் தட்டைத் திறந்து பார்ப்பதும், குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதும், அதே மாதிரியான வேறொரு தட்டின் சுற்றுப்பலகையைக் கழற்றிப் பொருத்துவதும் இணையத்தில் பரவிக்கிடக்கும் யோசனைகள். ஒவ்வொரு தட்டின் பலகையிலும் அந்தத் தட்டுக்கே உரிய குறிப்புகள் எழுதப்பட்டிருப்பதால், பலகையை மட்டும் மாற்றுவது பெரும்பாலும் பலிக்காது. அத்தகைய தட்டுக்குத் தூசியற்ற அறையும் அதற்குரிய கருவிகளும் உள்ள தரவு மீட்பு நிலையமே இடம். எங்கள் மேசைகளில் அவை இல்லை. இருக்கிறது என்று சொல்பவரிடம் அறையைக் காட்டச் சொல்லுங்கள். கொழும்புக்குக் கொண்டுபோவதானால், தட்டைத் தடித்த பஞ்சுறைக்குள் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு போங்கள். பஸ்ஸின் மேல் தட்டில் சாமான்களோடு வைக்க வேண்டாம்.

சத்தம் எதுவும் இல்லையென்றால் நிலைமை நம்பிக்கைக்குரியது. 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை நீண்ட காலத்தில், சொல்லாமல் போன மின்சாரத்தால் கோப்புக் கட்டமைப்பு குலைந்த கணினிகள் என் மேசையில் அடுக்கிக் கிடந்தன. அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றின் கோப்புகள் ஒன்றும் குறையாமல் வெளியே வந்தன. முறை மிக எளியது. கோப்புகளை எடுத்து முடிக்கும்வரை அந்தத் தட்டில் எதையும் எழுதக்கூடாது. திருத்தும் வேலை அதற்குப் பிறகுதான்.

தொடர்ந்து இரண்டு, மூன்று முறை தொடங்கத் தவறினால் வின்டோஸ் தானாகவே நீலநிற மீட்புத் திரையைத் திறக்கும். அங்கே ‘கணினியை மீளமை’ என்ற பொருளில் ஒரு தெரிவு முதலில் நின்று கவர்ந்திழுக்கும். ‘என் கோப்புகளை வைத்திரு’ என்ற உறுதிமொழியும் அதற்குள் இருக்கும். பிரதி எடுக்காமல் அந்த உறுதிமொழியை நம்ப வேண்டாம். மாறாக, மேம்பட்ட தெரிவுகளுக்குள் சென்று கமாண்ட் ப்ரொம்ப்ட் என்னும் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, அதில் நோட்பேட் என்பதன் பெயரை ஆங்கிலத்தில் தட்டி என்டர் கொடுங்கள். அந்தச் சாதாரண எழுதும் பக்கத்தின் ‘திற’ என்ற கட்டளை, கோப்புகளை உலாவும் ஒரு பெட்டியைத் திறக்கும். கீழே எல்லா வகைக் கோப்புகளையும் காட்டுமாறு மாற்றினால், உங்கள் கோப்புறைகள் தெரியும். வலது சொடுக்கில் பிரதி செய்து பென் டிரைவில் ஒட்டலாம். வழக்கமான சி டிரைவ் அங்கே டி என்றோ ஈ என்றோ பெயர் மாறி நிற்கக்கூடும். பிரதியாகும்போது முன்னேற்றம் எதையும் காட்டாமல் திரை உறைந்தாற்போல நிற்கும். பொறுமையாக இருக்க வேண்டும்.

அதுவும் முடியாவிட்டால், வேறொரு கணினியில் 8 ஜி.பி. பென் டிரைவ் ஒன்றில் வின்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளமான உபுண்டு அல்லது லினக்ஸ் மின்ட்டைத் தயார்செய்து, அதிலிருந்தே கணினியைத் தொடக்கலாம். நிறுவாமல் பரீட்சித்துப் பார்க்கும் தெரிவை மட்டுமே தேர வேண்டும். நிறுவும் தெரிவை அழுத்துவது, ஃபோர்மட் வேண்டாம் என்று ஓடிவந்து அதன் மடியிலேயே விழுவதற்குச் சமம். தட்டைக் கழற்றி யூ.எஸ்.பி. பெட்டிக்குள் வைத்து இன்னொரு கணினியில் இணைப்பது மூன்றாவது வழி. அப்போது ‘இந்தத் தட்டைப் பயன்படுத்த முன் ஃபோர்மட் செய்ய வேண்டும்’ என்று வின்டோஸ் கேட்டால், பதில் ‘இல்லை’ என்பதுதான். ஆங்காங்கே வாசிக்க முடியாமல் திணறும் தட்டாயின், கோப்புகளை ஒவ்வொன்றாக இழுக்காமல், டிடிரெஸ்க்யூ போன்ற கருவியால் முழுத்தட்டின் பிரதியொன்றை முதலில் எடுத்துக்கொண்டு, அந்தப் பிரதியில்தான் நாங்கள் வேலை செய்வோம்.

இந்த இடத்தில் பல பேரை ஏமாற்றுவது டி டிரைவ். “முக்கியமானதெல்லாம் டி டிரைவ்ல இருக்கு, அது பத்திரம்” என்பார்கள். வின்டோஸை மட்டும் மாற்றும்போது அது ஓரளவு உண்மை. ஆனால் பெரும்பாலான வீட்டுக் கணினிகளில் சியும் டியும் ஒரே தட்டில் கோடு கிழித்துப் பிரித்த இரண்டு அறைகள், கூரை ஒன்றுதான். தட்டு செத்தால் இரண்டும் சாகும்.

புதிய மடிக்கணினிகளில் இப்போது இன்னொரு வில்லங்கமும் உண்டு. 2024 இல் வந்த வின்டோஸ் 11 இன் 24எச்2 பதிப்பிலிருந்து, மைக்ரோசாஃப்ட் கணக்கோடு புதிதாக அமைக்கப்படும் கணினிகள் பலவற்றில் தட்டு தானாகவே பூட்டப்படுகிறது. அதைக் கழற்றி வேறு கணினியில் இணைத்தாலும், மீட்புத் திரையிலிருந்து நுழைய முயன்றாலும், 48 இலக்கத் திறவெண் ஒன்றைக் கேட்கும். அந்த எண் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். யாருடைய கணக்கில் என்பதே கேள்வி. உயர்தரம் படிக்கும் மகளுக்காகக் கடன்பட்டு வாங்கிய மடிக்கணினியை, விற்ற இடத்திலேயே அவர்களுடைய ஏதோவொரு மின்னஞ்சலைக் கொடுத்துத் தொடக்கித் தந்திருப்பார்கள். இரண்டு ஆண்டு கழித்து அந்த முகவரி எவருக்கும் நினைவிருக்காது. எண் இல்லையென்றால் நானும் உதவ முடியாது, வேறு எவரும் முடியாது. கணினி நன்றாக இயங்கும் இன்றே அது யாருடைய கணக்கில் இருக்கிறதென்று பார்த்து, அந்த 48 இலக்கங்களையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

சுழலும் பாகமில்லாத எஸ்.எஸ்.டி. தட்டுகள் சத்தமிட்டு எச்சரிப்பதில்லை; நேற்று இருந்தது இன்று இல்லை என்றாகும். அவற்றில் ஒன்றை அழித்தாலோ ஃபோர்மட் செய்தாலோ, விடுபட்ட இடத்தைத் தட்டே பின்னணியில் துப்புரவாக்கிவிடுவதால், பழைய தட்டில் கிடைத்த பாதி வினாத்தாள்கூட இதில் கிடைப்பதரிது.

கணினியைக் கடையில் ஒப்படைப்பதானால், எந்தக் கோப்புறைகள் வேண்டும், கடவுச்சொல் என்ன, கேட்காமல் ஃபோர்மட் செய்யக்கூடாது என்ற மூன்றையும் தாளில் எழுதி அதன்மேல் ஒட்டிக் கொடுங்கள். தட்டை மாற்றினால் பழைய தட்டைத் திரும்பக் கேட்டு வாங்குங்கள். அது உங்களுடையது.

கோப்புகளை எடுத்து, வின்டோஸைப் புதிதாக நிறுவிக் கொடுத்த பிறகும் எனக்கு ஓர் அழைப்பு வருவது வழக்கம். “அண்ணே, பேப்பர் எல்லாம் இங்கிலீஷ் எழுத்தா வருது. ஃபைல் கெட்டுப்போச்சா?” நம் பாடசாலைகளிலும் அச்சகங்களிலும் இன்றும் பாமினி எழுத்துருவில் பலர் தட்டுகிறார்கள். பாமினியில் தட்டிய தமிழ், கணினிக்கு உள்ளே ஆங்கில எழுத்துகளாகவே சேமிக்கப்படுகிறது. எழுத்துரு இருந்தால் மட்டுமே அது தமிழாகத் தெரியும். வின்டோஸைப் புதிதாக நிறுவும்போது பாமினி போய்விடுகிறது. ஆகவே ஆவணங்களைப் பிரதி செய்யும்போது, வின்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் எழுத்துருக் கோப்புறையையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள். தவறவிட்டவர்கள் யாரிடமாவது பாமினியை வாங்கி நிறுவிவிட்டுக் கோப்பை மறுபடி திறந்தால் போதும். வினாத்தாள் விட்ட இடத்திலேயே இருக்கும்.