கருத்துப் படிவத்தில் ‘நன்று’ என்று எழுதினால் என்ன ஆகும்?

பருவத் தேர்வு முடிந்த கையோடு எங்கள் பிரிவுக்கு மாணவர்கள் நிரப்பிய கருத்துப் படிவங்கள் வந்து சேரும். நான் வேலை பார்ப்பது ஒரு பல்கலைக்கழகத்தின் தொலைநிலைக் கல்வி இயக்ககத்தில், தரம் பார்க்கிற பிரிவில். படிவங்களில் பெரும்பாலானவை ஒரே மாதிரி இருக்கும். எல்லாக் கேள்விக்கும் ஐந்துக்கு நான்கு, ‘வேறு கருத்து’ என்ற இடத்தில் ‘நன்று’. சிலர் கோபமாக ‘எதுவுமே சரியில்லை’ என்று எழுதியிருப்பார்கள். இரண்டையும் வைத்துக்கொண்டு எங்களால் ஒன்றும் செய்ய முடியாது. சராசரி போட்டு, ஒரு வரைபடம் வரைந்து, கூட்டத்தில் காட்டலாம். அவ்வளவுதான்.

கருத்துக் கேட்பது பல்கலைக்கழகம் பெருந்தன்மையோடு செய்கிற காரியம் அல்ல. பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசியின் 2020-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, தொலைநிலைப் படிப்பு நடத்தும் ஒவ்வொரு நிறுவனமும் உள் தர உறுதி மையம் ஒன்றை வைத்திருக்க வேண்டும். மாணவர், ஆசிரியர், பெற்றோர், வேலை கொடுப்பவர் என எல்லாத் தரப்பிடமும் கருத்து வாங்கித் தரத்தை உயர்த்த வழி செய்வது அந்த மையத்தின் கடமைகளில் ஒன்று. ஆக, கேட்பது கட்டாயம். கேட்டதை வைத்து என்ன செய்கிறார்கள் என்பது இடத்துக்கு இடம் மாறும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஹால் டிக்கெட் வரவில்லை, அசைன்மென்ட் மதிப்பெண் ஏறவில்லை, கட்டிய பணம் கணக்கில் காட்டவில்லை என்பவை புகார்கள். இவற்றைக் கருத்துப் படிவத்தில் எழுதினால், நாங்கள் அதைப் படிக்கும்போது அடுத்த பருவமே வந்திருக்கும். புகாருக்குத் தனி வழி இருக்கிறது. 2023-இல் வந்த யூஜிசி விதிமுறைகளின்படி, மாணவர் குறைதீர்ப்புக் குழு 15 வேலை நாட்களுக்குள் தன் அறிக்கையைத் தர வேண்டும். அதில் திருப்தி இல்லையென்றால் 15 நாட்களுக்குள் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவில் இதற்கென்றே ஐகிராம் என்ற இணையத் தளம் இருக்கிறது. புகாரைப் பதிவு எண்ணோடு எழுதுங்கள். கருத்துக்கு அந்த எண் தேவையில்லை. ‘உண்மையை எழுதினால் மார்க்கில் கை வைத்துவிடுவார்களோ’ என்ற பயம் மாணவர்களிடம் நிறையவே உண்டு. எங்கள் படிவத்திலிருந்து பதிவு எண் கட்டத்தை எடுத்த பிறகுதான் நீளமான பதில்கள் வரத் தொடங்கின.

சரி, எப்படி எழுதினால் வேலை நடக்கும்? ‘பாடப் புத்தகம் புரியவில்லை’ என்றால் அது யாருடைய மேசைக்குப் போக வேண்டும் என்றே எங்களுக்குத் தெரியாது. ‘புள்ளியியல் தாள், மூன்றாம் அலகு, இரண்டாவது எடுத்துக்காட்டில் விடை தப்பு’ என்று ஒருவர் எழுதினால், அன்றைக்கே பாட ஒருங்கிணைப்பாளருக்கு அனுப்பிவிடலாம். அவர் சரிபார்த்ததும் பிழைதிருத்தம் இணையத்தில் ஏறிவிடும். அச்சுப் புத்தகம் மாறுவது வேறு கதை. அச்சடித்துக் கிடங்கில் வைத்தது தீர வேண்டும், பாடக்குழு கூட வேண்டும், எழுதியவரைப் பிடிக்க வேண்டும். ஒரு மாணவர் கேட்ட மாற்றம் அவர் பட்டம் வாங்கிப் போன பிறகு வருவது சாதாரணம். இதை மாணவர்களிடம் நாங்கள் சொல்வதே இல்லை என்பது எனக்கு நெருடலாகத்தான் இருக்கிறது.

வகுப்பு நேரத்தை மாற்றுவது சுலபம். ஆசிரியரும் மாணவரும் சந்திக்கும் தொடர்பு வகுப்புகளைச் சனி, ஞாயிறு என்று வைப்பது வழக்கம். அலுவலகத்தில் வேலை செய்பவருக்கு அது சரி. திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகிறவருக்குச் சனிக்கிழமை முழு வேலை நாள், அன்று மாலைதான் வாரச் சம்பளமும் கைக்கு வரும். அந்தப் பக்கத்து மாணவர்கள் ‘சனிக்கிழமை வேண்டாம்’ என்று காரணத்தோடு எழுதியதால், அந்த மையத்துக்கு மட்டும் வகுப்பு ஞாயிற்றுக்கிழமைக்கு மாறியது. அப்புறம் வகுப்பைப் பதிவு செய்து போட்டோம். ஒரு வகுப்பைப் பார்த்தால் அன்றைய டேட்டா காலி என்று அடுத்த படிவத்தில் எழுதினார்கள். ஒலியை மட்டும் தனிக் கோப்பாகவும் கொடுக்க ஆரம்பித்தோம். பேருந்தில் போகும்போது கேட்க முடிகிறது என்கிறார்கள்.

நேரம் பற்றி இன்னொரு கணக்கு. தொலைநிலைக் கல்வியில் ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேரப் படிப்பு. ஒரு பருவத்துக்கு 20 கிரெடிட் என்று வைத்தால் 600 மணி நேரம். அதை 24 வாரத்துக்குப் பிரித்தால் வாரம் 25 மணி நேரம். ‘வீட்டில் இருந்தபடியே படிக்கலாம்’ என்று விளம்பரம் செய்கிறவர்கள் இந்தக் கணக்கைச் சொல்வதில்லை. படிவத்தில் ‘பாடச்சுமை எப்படி?’ என்று கேட்டிருந்தால் உங்களால் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் உட்கார முடிந்தது என்று எழுதுங்கள். ‘அதிகம்’ என்ற சொல்லை விட அந்த எண் பாடக்குழுவில் நன்றாகப் பேசும்.

அசைன்மென்ட் விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பல படிப்புகளில் அதற்கு 30 சதவீத மதிப்பெண். மதிப்பெண்ணை விடுங்கள், தொலைநிலை மாணவர் ஒருவருக்கு ஆசிரியர் நேராகப் பதில் சொல்லக்கூடிய இடம் பெரும்பாலும் அது ஒன்றுதான். அங்கே ஓரத்தில் ஒரு டிக் மட்டும் விழுந்தால் என்ன பயன்? ‘எந்த இடத்தில் மார்க் போனது என்று தெரியவில்லை’ என்று பலர் எழுதினார்கள். திருத்துகிறவருக்குத் தாளுக்கு இவ்வளவு என்று கிடைப்பது சொற்பம், அவரும் கட்டுக்கட்டாகத் திருத்துகிறார். அறிவுரை சொல்லி இது மாறாது என்று தெரிந்தது. மூன்று வரிக் குறிப்பு கட்டாயம் என்று ஒரு தாளை முகப்பில் சேர்த்தோம். அது காலியாக இருந்தால் விடைத்தாள் திருத்தியவருக்கே திரும்பிப் போகும். முணுமுணுப்பு இருந்தது, இன்னும் இருக்கிறது.

இத்தனைக்கும் ஒரு பெரிய ஓட்டை உண்டு. படிவம் நிரப்புகிறவர்கள் தேர்வு வரைக்கும் வந்து சேர்ந்தவர்கள். நடுவில் விட்டுப் போனவரை யாரும் கேட்பதில்லை. அவருக்குத்தானே குறை அதிகம் தெரிந்திருக்கும்? இரண்டாம் ஆண்டுக் கட்டணம் கட்டாதவர்களை ஒரு முறை தொலைபேசியில் அழைத்தோம். பணக் கஷ்டம் என்ற பதிலைத்தான் எதிர்பார்த்தோம். அதுவும் வந்தது. அதோடு, புத்தகம் தாமதமாக வந்தது, அசைன்மென்ட் தேதி போய்விட்டது, யாரைக் கேட்பது என்று தெரியவில்லை, அப்படியே விட்டுவிட்டேன் என்ற பதிலும் திரும்பத் திரும்ப வந்தது. ‘இங்கிருந்து போன் வருவது இதுதான் முதல் தடவை’ என்றார் ஒருவர். இப்போது தேதிக்கு முன்னால் குறுஞ்செய்தி போகிறது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முதல் பருவத்தின் நடுவில் ஓர் அழைப்பும் போகிறது. எல்லோருக்கும் அழைக்க ஆள் போதவில்லை, அசைன்மென்ட் அனுப்பாதவர்களுக்கு முன்னுரிமை.

நீங்கள் படிக்கிற பல்கலைக்கழகம் இதில் எந்த அளவில் இருக்கிறது என்று பார்க்க, அதன் இணையதளத்தில் உள் தர உறுதி மையத்தின் ஆண்டறிக்கையைத் தேடுங்கள். ‘கருத்துகள் பெறப்பட்டு ஆய்வு செய்யப்பட்டன’ என்ற வரியோடு அது நின்றுவிட்டால், எந்தக் கருத்துக்கு என்ன மாற்றம் செய்தீர்கள் என்று மையத்தின் இயக்குநருக்கு ஒரு மின்னஞ்சல் போடலாம். அந்தக் கேள்வியோடு மின்னஞ்சல் வந்தால், பதில் எழுதுவதற்காகவாவது யாராவது ஒருவர் பழைய படிவங்களை எடுத்துப் பார்த்தாக வேண்டும்.