மூடிய 7, மறுபடி வந்த 7

சர்வர் புரோகிராம்களில் பிழை தேடுவது என் வேலை. நடந்ததையெல்லாம் வரிவரியாகப் பதியும் லாக் சுத்தமாக இருக்கும், ஆனால் யாரோ ஒருவரின் இணைப்பு காரணமில்லாமல் அறுந்திருக்கும். இப்படி வந்தால் நான் முதலில் பார்ப்பது ஃபைல் டிஸ்கிரிப்டர்களைத்தான்.

யுனிக்ஸ் வகை சிஸ்டங்களில் ஃபைலோ சாக்கெட்டோ (நெட்வொர்க் இணைப்பின் முனை) திறந்தால் ஓர் எண் கிடைக்கும், அதுதான் டிஸ்கிரிப்டர். காலியாக உள்ளவற்றில் மிகச் சிறிய எண்ணையே தர வேண்டும் என்பது இந்த சிஸ்டங்களுக்கான பொதுத் தரநிலையான போசிக்ஸின் விதி. ஒரு த்ரெட் (ஒரே புரோகிராமுக்குள் இணையாக ஓடும் வேலைகளில் ஒன்று) 7-ஐ மூடுகிறது. உடனே இன்னொரு த்ரெட் சாக்கெட் திறக்க, அதற்கும் 7 கிடைக்கிறது. முதல் த்ரெட் தவறுதலாக 7-ஐ மறுபடி மூடினால் போவது அடுத்தவரின் சாக்கெட். ஒரே த்ரெட்டில் சோதித்தால் இரண்டாவது மூடலுக்கு ஒரு பிழைக்குறி மட்டும் வரும், அதை யாரும் பார்ப்பதில்லை.

லாகில் இருப்பது: திற 7, மூடு 7, திற 7, மூடு 7. எண்ணை மட்டும் பார்க்கும் எந்தச் சோதனையும் இதைச் சரி என்றுதான் சொல்லும்.

இப்படி மறுபடி வரும் எண்களை, பொதுவாகச் சொன்னால் பெயர்களை, ஆராயக் கோட்பாட்டிலும் ஒரு கருவி உண்டு. 1994-இல் காமின்ஸ்கியும் ஃபிரான்சஸும் தந்த ஆட்டோமேட்டா (வரிசையாக வருவதைப் படித்துச் சரிபார்க்கும் கற்பனை இயந்திரம்) மாதிரியில் சில ரெஜிஸ்டர்கள், அதாவது பெயரை வைக்கும் சிறு இடங்கள், உண்டு. வந்த பெயரை அதில் வைத்துக்கொண்டு அடுத்து வருவதோடு ஒப்பிடலாம். எத்தனை லட்சம் ஃபைல் திறந்தாலும் மாதிரி சிறியதாகவே இருக்கும், அதுதான் அதன் அழகு. ஆனால் ஓர் எல்லை உண்டு. ‘ஏதோ ஒரு பெயர் இரண்டு முறை வந்தது’ என்பதை ஓரிரு ரெஜிஸ்டர்களே பிடித்துவிடும், எந்தப் பெயர் என்று ஊகித்து வைத்துக்கொண்டால் போதும். ‘எந்தப் பெயரும் திரும்ப வரவில்லை’ என்பதை எத்தனை ரெஜிஸ்டர் கொடுத்தாலும் பிடிக்க முடியாது. 2011-இல் நிகோஸ் ட்ஸெவெலெகோஸ், ‘இதுவரை வரவே வராத பெயர்’ என்று சோதிக்கும் படியையும் சேர்த்தார்.

புதுமை இரண்டு வகை என்பதை அந்த மாதிரி பிரித்துக் காட்டுகிறது: இப்போது கையில் இல்லாதது, என்றுமே வராதது. டிஸ்கிரிப்டர் முதல் வகை. லாகின் செய்தவரை அடையாளம் காட்டும் செஷன் டோக்கன் கட்டாயம் இரண்டாம் வகையாக இருக்க வேண்டும்.

சரி, என்ன செய்யலாம்? திறக்கும்போதே, ஏறிக்கொண்டே போகும் 64 பிட் எண் ஒன்றையும் கொடுங்கள். மூடுபவர் தன்னிடமுள்ள அந்த எண்ணையும் லாகில் எழுதட்டும். இப்போது வரிகள் இப்படி மாறும்: திற 7-101, மூடு 7-101, திற 7-102, மூடு 7-101. கடைசி வரியில் பிழை பளிச்சென்று தெரிகிறது. ஓடும் ஒவ்வொரு புரோகிராமுக்கும் சிஸ்டம் தரும் பிராசஸ் எண்ணும் இப்படித்தான் மறுபடி புழக்கத்துக்கு வரும். அதை நம்பி ‘நிறுத்து’ போன்ற சிக்னல் அனுப்பும் புரோகிராம் இருந்தால் அதையும் இந்த வாரமே பாருங்கள்.