பாடி செக்: தாக்குதல் அல்ல, மறிப்பு

ஐஸ் ஹாக்கியில் ரப்பர் வில்லையை வைத்திருக்கும் வீரரைத் தோளாலோ இடுப்பாலோ மோதி நிறுத்துவதற்குப் 'பாடி செக்' என்று பெயர். விதி அனுமதிக்கும் ஆட்டமுறை அது. தமிழில் சொல்லச் சொன்னால் சட்டென்று வாயில் வருவது 'தாக்குதல்'. பொருந்தாத சொல்.

'செக்' வந்தது சதுரங்கப் பலகையிலிருந்து. பாரசீகத்தில் 'ஷா' என்றால் அரசன். அரசனுக்கு ஆபத்து என்று எச்சரிக்கப் பயன்பட்ட அந்தச் சொல், பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனபோது 'செக்' ஆனது. செக் வைத்துவிட்டால் எதிராளி தன் இஷ்டத்துக்குக் காய் நகர்த்த முடியாது. அதிலிருந்துதான் 'தடுத்து நிறுத்துதல்' என்ற பொருள் கிளைத்தது. அடிப்பது என்ற பொருள் அதில் எங்குமே இல்லை. இதற்கு நம்மிடம் அழகான சொல் இருக்கிறது: மறி. வழிமறித்தான் என்கிறோம், சாலை மறியல் என்கிறோம். பாடி செக் உடல்மறிப்பு; மட்டையால் செய்தால் மட்டைமறிப்பு. ஒரு வேரிலிருந்து சொற்கள் இப்படி வரிசையாக வந்தால் அந்தச் சொல் நிலைக்கும்.

சரி, கால்பந்தின் 'டேக்கிள்'? கப்பலின் கயிறு, கப்பிச் சாமான்களைக் குறித்த, ஜெர்மனியின் வடபகுதியில் வழங்கிய பழைய சொல் அது. பிறகு குதிரைச் சேணத்துக்கும், பற்றிப் பிடிப்பதற்கும் ஆனது. கால்பந்தில் குறி பந்துதான். பந்துக்காகத் தோளோடு தோள் நெருக்கலாம். ஆளை மட்டும் இடித்தால் ஃபவுல். எனவே இதைப் பந்துபறிப்பு என்பேன். அங்கே மறிப்பு, இங்கே பறிப்பு.

காயமும் இந்த வேறுபாட்டின் வழியே போகிறது. பறிப்பில் கால்கள் பின்னிக்கொள்ளும். பூட்ஸின் ஆணிகள் புல்லில் பதிந்திருக்க உடல் மட்டும் திரும்பினால் முழங்கால் முறுக்கிக்கொள்ளும். ஹாக்கியின் பனித்தரையில் பாதம் அப்படிப் பதியாது, வழுக்கிப் போய்விடும். ஆனால் மணிக்கு 30 கிலோமீட்டரையும் தாண்டும் வேகம், சுற்றிலும் ஒரு மீட்டருக்குச் சற்று அதிக உயரத்தில் பலகைச் சுவர். சுவரோரம் குனிந்து வில்லையைத் தோண்டிக்கொண்டிருப்பவரைப் பின்னாலிருந்து இடித்தால், கை ஊன்ற நேரமில்லாமல் தலையே முதலில் பலகையில் மோதும். அதனால்தான் பின்னாலிருந்து மறிப்பது குற்றம்.

அப்புறம், மறிப்பும் பறிப்பும் இல்லாமலே வரும் காயங்கள். 1989 மார்ச்சில் பஃபலோ ஐஸ் ஹாக்கி அணியின் கோல்காப்பாளர் கிளின்ட் மலார்ச்சக் முன்னால் இரண்டு பேர் மோதி விழுந்தார்கள்; மேலெழுந்த ஸ்கேட்டின் கத்தி அவர் கழுத்து நாளத்தை அறுத்தது. ரத்தம் பனியில் பரவ, ஓடிவந்த அணியின் முதலுதவியாளர் காயத்தைக் கையால் அழுத்திப் பிடித்ததால் மலார்ச்சக் பிழைத்தார். 2006இல் செல்சீ கால்பந்து அணியின் கோல்காப்பாளர் பீட்டர் செக், பந்தைப் பிடிக்க விழுந்தபோது எதிரணி வீரரின் முழங்கால் பட்டு மண்டையோடு உடைந்தது. அதன்பின் தலைக்கவசம் இல்லாமல் அவர் ஆடவில்லை.

இவற்றுக்கு 'விபத்து' என்ற சொல்லே போதும். ஆனால் விபத்து என்பதாலேயே தண்டனை தப்பிவிடாது. வட அமெரிக்காவின் ஐஸ் ஹாக்கி லீகான என்.எச்.எல். விதிப்படி, உயர்ந்த மட்டை தெரியாமல் முகத்தில் பட்டுக் காயமானாலும் 4 நிமிடம் வெளியே உட்கார வேண்டும். மட்டை எங்கே போகிறது என்பது அதைப் பிடித்திருப்பவரின் பொறுப்பு.