கொரோனா நிவாரணம் ஆயிரம் ரூபாய் அறிவித்தாகிவிட்டது. உங்கள் ரேஷன் அட்டைக்கு வருமா?

இது 2020 ஏப்ரலில், கொரோனா ஊரடங்கு நேரத்தில் எழுதியது. இதில் வரும் தொகை, தேதி, விதி எல்லாம் அப்போதையவை.

எங்கள் தெரு ரேஷன் கடை வாசலில் சுண்ணாம்பால் வட்டம் போட்டிருக்கிறார்கள். ஆட்கள் வேப்பமர நிழலில் உட்கார்ந்திருக்கிறார்கள். வட்டங்களுக்குள் அவர்களுடைய பையும் செருப்பும் வரிசையில் நிற்கின்றன. அந்த வரிசையில் ஒரு அம்மா இரண்டு மணி நேரம் காத்திருந்தார். நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்ப்பவர். மார்ச் 24 மாலை 144 தடை வந்ததிலிருந்து ஒரு வீட்டிலும் அவரை உள்ளே விடவில்லை. டோக்கன் தன் வீட்டுக்கு மட்டும் வராமல் விட்டுப்போயிருக்கும் என்று நினைத்து நேரே கடைக்கே வந்துவிட்டார். விற்பனையாளர் அட்டையை ஸ்கேன் செய்து பார்த்துவிட்டு, “உங்களுக்கு வராதும்மா, இது சர்க்கரை கார்டு” என்றார். அடுத்த பையை எடுக்கச் சொல்லிவிட்டார்.

அவர் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. இயந்திரத்தில் வருவதைத்தான் அவர் சொல்கிறார். ஆனால் அந்த அம்மாவுக்கு இதை முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் வெயிலில் இரண்டு மணி நேரம் மிச்சமாகியிருக்கும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அறிவிப்பு என்னவென்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அப்போதைய தமிழக முதல்வர் 2020 மார்ச் 24 அன்று சட்டமன்றத்தில் 3,280 கோடி ரூபாய் நிவாரணம் அறிவித்தார். அரிசி பெறும் குடும்ப அட்டை ஒவ்வொன்றுக்கும் ஆயிரம் ரூபாய் ரொக்கம். ஏப்ரல் மாதத்துக்கான அரிசி, சர்க்கரை, துவரம் பருப்பு, சமையல் எண்ணெய் இலவசம். ஏப்ரல் 2 முதல் டோக்கன் முறையில் கொடுக்கிறார்கள்.

இதில் ‘அரிசி பெறும்’ என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. டிவியில் ‘ரேஷன் அட்டைதாரர்களுக்கு ஆயிரம்’ என்று ஓடியது. கேட்டவர்கள் தங்களுக்கும் உண்டு என்றே நம்பினார்கள். உங்கள் ஸ்மார்ட் கார்டின் முன்பக்கத்தில் ஒரு குறியீடு அச்சடித்திருக்கும், அதைப் பாருங்கள். பி.எச்.எச். என்றாலும், பி.எச்.எச்-ஏ.ஏ.ஒய். என்றாலும், வெறும் என்.பி.எச்.எச். என்றாலும் அது அரிசி அட்டை, ஆயிரம் உண்டு. என்.பி.எச்.எச்-எஸ் என்றால் சர்க்கரை அட்டை. என்.பி.எச்.எச்-என்.சி. என்றால் பொருளில்லா அட்டை. இவை இரண்டுக்கும் இந்தப் பணம் வராது. எழுத்துத் தெரியாதவர்கள் பக்கத்து வீட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளையிடம் காட்டுங்கள், ஒரு நிமிட வேலை.

வசதியானவர்கள்தானே சர்க்கரை அட்டை வைத்திருப்பார்கள் என்று கேட்கிறார்கள். எங்கள் பகுதியில் அப்படி இல்லை. அட்டை வாங்கிய காலத்தில் மாமியார் வீட்டில் நெல் வந்துகொண்டிருந்தது, அரிசி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவர்கள் உண்டு. விண்ணப்பம் எழுதிக்கொடுத்த இடைத்தரகர் எதை டிக் செய்தார் என்றே தெரியாதவர்களும் உண்டு. 2019 நவம்பரில் சர்க்கரை அட்டையை அரிசி அட்டையாக மாற்றிக்கொள்ள அரசு சில நாட்கள் அவகாசம் கொடுத்தது. செய்தித்தாள் வாங்கும் வீடுகளுக்கு அது தெரிந்தது. நான் சொன்ன அந்த அம்மாவுக்கு அது இன்றைக்கும் தெரியாது. அவர் மாதிரி இருப்பவர்கள் வட்ட வழங்கல் அலுவலருக்கு மனு எழுதிக் கொடுங்கள். குடும்பத்தில் எத்தனை பேர், என்ன வேலை, இப்போது வருமானம் நின்றுவிட்டது என்பதை எழுதி, நகலில் தேதியுடன் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டம் இப்போது நடப்பதில்லை, அதை நம்பிப் பஸ் இல்லாத நாளில் நடந்து போகாதீர்கள். ஒன்று முக்கியம்: ‘முந்நூறு கொடு, இந்த மாதமே அரிசி கார்டாக்கி ஆயிரத்தை வாங்கித் தருகிறேன்’ என்று யாராவது வந்தால் கொடுக்காதீர்கள். உங்கள் முந்நூறும் போய்விடும்.

அடுத்த சிக்கல் இன்னும் பெரியது. பணம் அட்டைக்கு ஒன்று. அடுப்புக்கு ஒன்று கிடையாது. ஒரே அட்டையில் மாமியார், இரண்டு மகன்கள், மருமகள்கள் பெயர் இருக்கும். ஆனால் மூன்று தனிச் சமையல். ஆயிரம் ரூபாய் ஒன்றுதான் வரும். அட்டை யார் கையில் இருக்கிறதோ அவர் வாங்கிக்கொள்வார். அப்புறம் சண்டை. கணவரை இழந்து தனியாக இருக்கும் பாட்டிகள்தான் இதில் அதிகம் அடிபடுகிறார்கள். அவர்கள் பெயர் மகன் அட்டையில் ஒட்டிக்கொண்டிருக்கும், மகன் வேறு ஊரில் இருப்பான். கடைக்காரரிடம் இதற்கு வழியில்லை. வீட்டுக்குள் பேசித்தான் பிரித்துக்கொள்ள வேண்டும், தெருவில் பெரியவர்கள் யாராவது நடுவில் இருந்து பேசினால் நல்லது. ஊரடங்கு முடிந்ததும் தனி அட்டைக்கு விண்ணப்பிக்க மறந்துவிடாதீர்கள்.

வேலைக்காக வேறு ஊருக்குப் போய் அங்கேயே மாட்டிக்கொண்டவர்களும் கவனியுங்கள். அட்டை எந்தக் கடையில் பதிவாகியிருக்கிறதோ அங்கேதான் பணம். திருப்பூரில் இருந்துகொண்டு திருவாரூர் அட்டைக்கு ஆயிரம் கேட்க முடியாது. அட்டையில் பெயர் உள்ள ஒருவர் ஊரில் இருந்தால் அவர் வாங்கலாம். வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு 15 கிலோ அரிசி, ஒரு கிலோ பருப்பு, ஒரு கிலோ எண்ணெய் என்று அதே அறிவிப்பில் இருக்கிறது. அவர்கள் ரேஷன் கடையில் போய் நின்றால் திருப்பி அனுப்புகிறார்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077-க்கு அழைத்து, எந்த இடத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று சொல்லுங்கள். மொழி தெரியாதவர்களுக்காக நீங்கள் அழைத்தாலும் போதும்.

சரி, அட்டை சரியாக இருக்கிறது, டோக்கனும் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கடையில் கவனிக்க வேண்டியவை இருக்கின்றன. டோக்கனில் போட்டிருக்கும் தேதியில், நேரத்தில் போங்கள். முன்னால் போனால் பணம் சீக்கிரம் கிடைக்காது, கூட்டம்தான் சேரும். பணத்தை எண்ணிப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். முதலில் கையெழுத்து, பிறகு பணம் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஏப்ரல் பொருள்களுக்குப் பில் தொகை பூஜ்யமாக இருக்க வேண்டும். ‘டீத்தூளும் உப்பும் வாங்கினால்தான் பருப்பு’ என்பது பல கடைகளில் பழைய பழக்கம், இந்த நேரத்திலும் அதைக் கேட்கிறார்கள். வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. வேலையில்லாத வீட்டில் அந்த ஐம்பது ரூபாய்க்கு இரண்டு நாள் காய்கறி வரும்.

அட்டையில் பதிவான செல்போனுக்கு என்னென்ன பொருள் பில் போட்டார்கள் என்று குறுஞ்செய்தி வரும். எண்ணெய் ‘ஸ்டாக் இல்லை’ என்று அனுப்பிவிட்டு, குறுஞ்செய்தியில் எண்ணெயும் வாங்கியதாக இருந்தால், அதை அழிக்காதீர்கள். அதுதான் உங்கள் சாட்சி. 1967 அல்லது 1800 425 5901-க்கு அழைத்துப் புகார் சொல்லுங்கள். முதல் முறை எடுக்க மாட்டார்கள்; பத்து முறை அடிக்க வேண்டியிருக்கும். இப்படி எண்ணெய் கிடைக்காத ஒரு வீட்டுக்காக நான் அழைத்தபோது, பதினான்காவது அழைப்பில்தான் பேசினேன். அந்த வீட்டுக்கு மறுநாள் எண்ணெய் வந்தது.

மத்திய அரசு 2020 மார்ச் 26 அன்று தனியாக ஒரு நிவாரணம் அறிவித்திருக்கிறது. அதில் ஜன்தன் கணக்கு வைத்திருக்கும் பெண்களுக்கு மாதம் 500 ரூபாய், மூன்று மாதம். இதில் மூன்று விஷயம் சொல்லிவிடுகிறேன். ஒன்று, வங்கியில் கணக்கு இருந்தாலே போதாது. அது ஜன்தன் கணக்காக இருக்க வேண்டும். நூறு நாள் வேலைக்காகத் திறந்த கணக்கு, மகளிர் குழுக் கணக்கு, தபால் நிலையக் கணக்கு இதெல்லாம் சேராது. கணவர் பெயரில் இருக்கும் ஜன்தன் கணக்கும் சேராது. இரண்டாவது, முதல் வாரத்தில் கணக்கு எண்ணின் கடைசி இலக்கப்படி நாள் பிரித்துக் கொடுத்தார்கள். 0, 1 என்றால் ஏப்ரல் 3, இப்படி ஏப்ரல் 9 வரை. தன் நாளைத் தவறவிட்டால் பணம் போய்விட்டது என்று அழுதவர்களைப் பார்த்தேன். போகவில்லை. 9-ஆம் தேதிக்குப் பிறகு எந்த நாளும் எடுக்கலாம். மூன்றாவது, ‘உடனே எடுக்காவிட்டால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளும்’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு வதந்தி சுற்றுகிறது. அது பொய். நோய் பரவும் நேரத்தில் வங்கி வாசலில் முட்டி மோத வேண்டாம்.

மேலே சொன்ன அம்மாவின் பாஸ்புக்கை வாங்கிப் பார்த்தோம். வண்ணம் போன மேலட்டை, உள்ளே 2015-இல் திறந்த ஜன்தன் கணக்கு. அவருக்கே தெரியாமல் 500 ரூபாய் ஏறியிருந்தது. அதனால் சொல்கிறேன், பெட்டிக்கு அடியில் கிடக்கும் பழைய பாஸ்புக்கை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

கட்டுமானத் தொழிலாளர்களுக்கும் ஆட்டோ ஓட்டுநர்களுக்கும் தனியாக ஆயிரம் ரூபாய் உண்டு. நல வாரியத்தில் பதிவு இருக்க வேண்டும். இருபது வருடம் சித்தாள் வேலை பார்த்திருந்தாலும், வாரிய அட்டை இல்லாவிட்டால் அரசுக் கணக்கில் நீங்கள் கட்டுமானத் தொழிலாளி இல்லை. அட்டை இருந்தும் புதுப்பிக்காமல் விட்டவர்கள் விடுபட்டுப் போகிறார்கள். வாரிய அலுவலகம் போனால் ‘சங்கத்தில் கேளுங்கள்’ என்பார்கள், சங்கத்தில் ‘ஆபீஸ் திறக்கட்டும்’ என்பார்கள். அட்டையின் நகலையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் சேர்த்து வைத்துக்கொண்டு, இரண்டு இடத்திலும் எழுத்தாகக் கொடுத்துவிடுங்கள்.

இப்போது கடன் விஷயத்துக்கு வருகிறேன். என்னை அதிகம் தூங்கவிடாதது இதுதான்.

2020 மார்ச் 27 அன்று ரிசர்வ் வங்கி ஒரு அறிவிப்பு வெளியிட்டது. மார்ச் 1 முதல் மே 31 வரை கட்ட வேண்டிய கடன் தவணைகளை மூன்று மாதம் தள்ளிவைக்கலாம். வங்கி, கூட்டுறவு வங்கி, நிதி நிறுவனம், பெண்களுக்குக் குழுவாகக் கடன் கொடுக்கும் சிறுகடன் நிறுவனங்கள் எல்லாம் இதில் அடக்கம். மக்கள் இதை ‘மூன்று மாதம் கட்ட வேண்டாம்’ என்று புரிந்துகொண்டார்கள். சிலர் ‘மூன்று மாதத் தவணை தள்ளுபடி’ என்றே நினைக்கிறார்கள். தள்ளுபடி இல்லை. தள்ளிவைப்பு மட்டும்தான், அந்த மூன்று மாதமும் வட்டி ஓடும். 30,000 ரூபாய் பாக்கி, வருடத்துக்கு 24 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 600 ரூபாய் வட்டி. மூன்று மாதம் கழித்து வட்டிக்கு வட்டியும் சேர்ந்து பாக்கி சுமார் 31,836 ஆகியிருக்கும். கையில் பணம் இருப்பவர்கள் கட்டிவிடுவதே நல்லது. சோற்றுக்கே வழியில்லாதவர்கள் யோசிக்காமல் தள்ளிவையுங்கள்.

இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. ரிசர்வ் வங்கி தள்ளிவைக்க ‘அனுமதி’ கொடுத்திருக்கிறது, ‘தள்ளிவைத்தே ஆக வேண்டும்’ என்று சொல்லவில்லை. அதனால் ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு மாதிரி நடக்கிறது. சில வங்கிகளில் நீங்கள் கேட்டால்தான் உண்டு. சிலவற்றில் வேண்டாம் என்று சொல்லாவிட்டால் தானாகவே தள்ளிவைத்துவிடுவார்கள். ஒன்றும் சொல்லாமல் இருந்தால், கணக்கில் இருக்கும் கொஞ்சப் பணத்தையும் தவணைக்குப் பிடித்துக்கொள்ளலாம். உங்கள் 500 ரூபாயும் அதே கணக்கில் வந்திருந்தால் முதலில் அதை எடுத்துவிடுங்கள்.

எங்கள் பக்கத்துத் தெருவில் பத்துப் பெண்கள் சேர்ந்த ஒரு குழு. வசூல்காரர் நோட்டுப் புத்தகத்தோடு ஊரடங்கிலும் வந்துவிட்டார். “ரிசர்வ் பேங்க் சொன்னதெல்லாம் பெரிய கடனுக்குக்கா. உங்களுக்கு இல்ல. ஒருத்தர் கட்டலைன்னாலும் குழு பேரே கெட்டுடும், அடுத்த லோன் வராது” என்றார். இரண்டு பேர் காதுத் தோட்டை அடகு வைத்துக் கட்டினார்கள். அவர் சொன்னது தவறு. சிறுகடனும் இந்த அறிவிப்பில் இருக்கிறது. தள்ளிவைப்பு வாங்கினால் அதைக் கடன் தவறியதாகப் பதிவு செய்யக் கூடாது என்பதும் அதே அறிவிப்பில் இருக்கிறது. வாசலுக்கு வருபவரிடம் இதைச் சொல்லுங்கள். ‘இல்லை’ என்றால், ‘உங்கள் நிறுவனம் தள்ளிவைப்பு தராது என்று எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்’ என்று கேளுங்கள். அடுத்த தெருவில் அப்படிக் கேட்டார்கள். வசூல்காரர் நோட்டை மூடிக்கொண்டு போய்விட்டார். மிரட்டினால், செல்போனில் பதிவு செய்யுங்கள், தேதியும் நேரமும் குறித்து வையுங்கள்.

இது தனியார் வட்டிக்காரர்களுக்குப் பொருந்தாது, அதையும் தெரிந்துகொள்ளுங்கள். தண்டலுக்கு வாங்கியவர்கள் ரிசர்வ் வங்கி அறிவிப்பைக் காட்டிப் பயனில்லை.

‘தவணையைத் தள்ளிவைக்கிறோம், உங்களுக்கு வந்த ஓ.டி.பி. எண்ணைச் சொல்லுங்கள்’ என்று போன் வந்தால் துண்டித்துவிடுங்கள். தள்ளிவைப்பதற்கு எந்த வங்கியும் போனில் ஓ.டி.பி. கேட்காது. திருடன்தான் கேட்பான்.

கடைசியாக வாடகை. 2020 மார்ச் 29 அன்று மத்திய உள்துறை அமைச்சகம் போட்ட உத்தரவில், வாடகை வீட்டில் இருக்கும் தொழிலாளர்களிடம் ஒரு மாதத்துக்கு வாடகை கேட்கக் கூடாது, தொழிலாளர்களையும் மாணவர்களையும் காலி செய்யச் சொல்லி வற்புறுத்தினால் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று இருக்கிறது. வீட்டுக்காரரும் பல நேரம் அந்த வாடகையை நம்பித்தான் இருப்பார், அதனால் முதலில் நேரில் பேசிப் பாருங்கள். அப்புறம் தரலாம் என்று அவர் ஒத்துக்கொண்டால், ஒரு துண்டுக் காகிதத்திலாவது தேதி போட்டு அதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சாமானை வெளியே வைக்கிற அளவுக்குப் போனால் 100-க்கு அழையுங்கள். உள்துறை உத்தரவின் தேதியைச் சொல்லிப் பேசுங்கள். தேதி சொன்னால்தான் எதிர்முனையில் காது கொடுக்கிறார்கள்.